பட்டணத்தில் கோழி வளர்க்கலாமா?

ஊரில் கோழி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. பிழைப்புக்காக மும்பை வந்த பிறகும் நம்மவர்கள் பலரை அந்தப் பழக்கம் விடவில்லை. நாலு பெட்டைக் கோழி இருந்தால் பிள்ளைகளுக்கு முட்டை ஆயிற்று; அவசரத்துக்கு விற்றால் கையில் காசு.

ஆனால், ஒற்றை அறையும் ஒரு முழச் சந்துமாக இருக்கும் குடியிருப்பில் கோழி எச்சம் பக்கத்து வீட்டுப் படியில் விழுந்தால் சண்டை. விடியுமுன் சேவல் கூவினால் சண்டை. மராத்தியரும் நாட்டுக்கோழியை 'காவ்ராண்' என்று விரும்பி உண்பவர்களே. இருந்தும், "உங்கள் ஊர்க்காரர்களே இப்படித்தான்" என்று ஒரு சொல் விழுந்துவிட்டால், இடநெருக்கடியால் வந்த தகராறு மொழித் தகராறாகிவிடும். பிழைக்க வந்த இடத்தில் அது நமக்கு நல்லதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டப்படி, பன்றி வளர்க்க ஆணையரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். எந்தப் பிராணியையும் பிறருக்குத் தொல்லையாகவோ ஆபத்தாகவோ வளர்க்கக் கூடாது. எது தொல்லை? எத்தனை கோழி? கூண்டு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? அந்த வாசகத்தில் விடை இல்லை. ஆகவே, வந்து பார்க்கும் அதிகாரி சொல்வதே சட்டமாகிறது. யாருக்குச் செல்வாக்கோ அவர் பக்கம் நியாயம்!

இது வெறும் அண்டை வீட்டுச் சச்சரவு அல்ல. இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இதே மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில், 2006 பிப்ரவரியில். பண்ணைக் கோழிகளோடு வீட்டுக் கோழிகளும் அழிக்கப்பட்டன. இத்தகைய நோய் என்ற சந்தேகம் வந்தாலே தெரிவிக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கால்நடை நோய்த் தடுப்புச் சட்டம். கோழி வளர்ப்பதே குற்றமோ என்று அஞ்சுகிறவர் எப்படித் தெரிவிப்பார்? செத்த கோழியை இரவோடு இரவாகச் சாக்கடையில்தான் போடுவார். அதனால் வரும் ஆபத்து ஊருக்கே அல்லவா?

எனவே மாநகராட்சி தெளிவான விதி ஒன்றை வகுக்க வேண்டும். இத்தனை பெட்டை வரை வளர்க்கலாம், சேவல் கூடாது, கூண்டு இவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், நோய் கண்டால் இன்னாரிடம் சொல்ல வேண்டும் என்று மராத்தி, இந்தியோடு தமிழிலும் அச்சிட்டு ஒட்டினால் போதும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அதுவரை நாமும் சும்மா இருக்கலாகாது. இரண்டு மூன்று பெட்டைகளோடு நிறுத்திக்கொள்வோம். பெட்டை முட்டையிடச் சேவல் தேவையில்லை. எச்சத்தை அன்றாடம் அள்ளுவோம். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போடுவோம். கூண்டு வைக்குமுன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்போம். மாதத்தில் நாலு முட்டை அவர்கள் வீட்டுக்கும் போகட்டும். அதற்குச் சட்டம் தேவையில்லை.