வில்லனின் செபம்



சென்ற விடுமுறையில் பிள்ளைச்சாவடியில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஓர் இரவு பேரப்பிள்ளைகள் கார்ட்டூன் படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூசையில் பாடகர் குழுவோடு பாடுகின்ற என் பேத்தி திடீரென்று என் பக்கம் திரும்பி, "தாத்தா, இவன் கெட்டவன்தானே? இவன் பாடும்போது ஏன் நம் கோயிலில் பாடுகிற 'கிரியே எலெயிசோன்' கேட்கிறது?" என்றாள். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அப்படத்தை முதலிலிருந்து நானும் பார்த்தேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோ 1831-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1996-இல் எடுத்த நோத்ர்தாம் கூனனின் கதை அது. நிகழும் இடம், 1482-ஆம் ஆண்டின் பாரீசு நகரம். 'நோத்ர்தாம்' என்றால் 'நம் அன்னை' என்று பொருள். 2019-இல் தீப்பற்றி எரிந்து, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அதே மாதா கோயில்தான் கதையின் களம்.

வில்லனின் பெயர் ஃபுரோலோ. நாவலில் அவன் அக்கோயிலின் உயர்நிலைக் குருக்களில் ஒருவன். படத்தை எடுத்தவர்கள் அவனை நீதிபதியாக்கி, குருவை வேறொரு நல்ல பாத்திரமாகப் பிரித்துவிட்டார்கள். கேத்தி சிலின்ஸ்கி என்னும் பெண் ஓவியரின் தலைமையில் அவன் உருவம் வரையப்பட்டது. குரல் கொடுத்தவர் டோனி ஜே என்னும் ஆங்கிலேய நடிகர். அவனுக்குக் கொம்பும் இல்லை, கோரைப் பல்லும் இல்லை. மெலிந்த முகம், நீண்ட கரிய அங்கி, நிதானமான பேச்சு. தெருவில் கண்டால் நாமே கைகூப்பக்கூடிய மனிதன்!

ஒருவனுடைய இயல்பை இசையால் அறிவிப்பது நமக்குப் புதிதன்று. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் இருவர் திரை பிடித்து நிற்க, மத்தளமும் ஆர்மோனியமும் முழங்க, துரியோதனன் திரைக்குப் பின்னிருந்தே தன் பெருமையைத் தானே பாடுவான். முகம் தெரியுமுன்னே ஆள் தெரிந்துவிடும். ஃபுரோலோவும் தன் நேர்மையைத் தானே பாடுகிறவன்தான். ஆனால் இசையமைப்பாளர் ஆலன் மெங்கன், பாடலாசிரியர் ஸ்டீபன் சுவார்ட்சு ஆகிய இருவரும் அவனைச் சுற்றி ஒலிக்க வைத்தது திருச்சபையின் இலத்தீன் மன்றாட்டுகளை! இந்தச் சுவார்ட்சு, புனித மத்தேயு நற்செய்தியைத் தழுவிய 'காட்ஸ்பெல்' என்னும் இசை நாடகத்துக்கு 1971-இல் பாடல்கள் அமைத்தவர்.

படத்தின் தொடக்கத்திலேயே, கைக்குழந்தையோடு ஓடும் ஓர் ஏழைத் தாயை ஃபுரோலோ குதிரையேறித் துரத்துகிறான். அப்போது பாடகர் குழு 'தீயஸ் ஈரே' என்னும் பழைய பாடலின் சொற்களை முழக்குகிறது. 1970-ஐ ஒட்டி வந்த வழிபாட்டுச் சீர்திருத்தம் வரையில் இறந்தோர் பூசையில் பாடப்பட்ட, இறுதித் தீர்வையைப் பற்றிய பாடல் அது. பிறருக்குத் தீர்ப்பிடுகிறவனே ஒருநாள் தீர்ப்புக்கு நிற்க வேண்டும் என்பதை அவன் அறியான், இசை அறியும்.

பின்னர் ஓர் இரவு. நாடோடிப் பெண் ஒருத்திமேல் கொண்ட இச்சை அவனை வாட்டுகிறது. கோயிலிலிருந்து பாவசங்கீர்த்தன மந்திரம் காற்றில் மிதந்து வருகிறது. எரியும் அடுப்பங்கணப்பின் முன் நின்று, தேவதாயை விளித்துத் தன் நேர்மையை அவன் எடுத்துரைக்கிறான். சிவப்பு முக்காடிட்ட உருவங்கள் நீதிமன்றம்போல் அவனைச் சூழ்கின்றன. குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் சொற்களை அவை பாடப்பாட, அவனோ தன்மேல் குற்றமில்லை என்று வாதாடுகிறான். பழியை அப்பெண்மேல் போடுகிறான், கடவுள்மேலும் போடுகிறான். முடிவில் இரக்கமும் கேட்கிறான். பேத்தி கேட்ட 'கிரியே' அங்கேதான் வருகிறது. ஆனால் அவள் தனக்கு இணங்க வேண்டும், இல்லையேல் எரிய வேண்டும் என்ற முடிவை அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

1960-களின் தொடக்கத்தில் நான் பூசைக்கு உதவிசெய்யும் சிறுவன். அதே இலத்தீன் மந்திரத்தைக் குனிந்து ஒப்புவித்து, மூன்று முறை மார்பில் தட்டிக்கொள்வோம். பொருள் தெரியாது, ஆயினும் பழியைச் சுமக்கவேண்டிய இடம் எதுவென்று கை கற்றுக்கொண்டது. ஃபுரோலோவுக்குப் பொருள் தெரியும், மார்புதான் மரத்துப்போயிற்று. ஆண்டவர் சொன்ன பரிசேயன், ஆயக்காரன் உவமையை (லூக்கா 18: 9–14) இதைவிடத் தெளிவாக ஒரு சித்திரப்படம் எடுத்துக்காட்டுவது அரிது.

அன்றிரவு பேத்தியிடம் சொன்னேன்: "கண்ணு, அந்தப் பாட்டு கெட்டவனுடைய பாட்டு அன்று. திருந்தி வா என்று அவனைக் கூப்பிடுகிற பாட்டு. அவன் காதில் விழுகிறது, மனத்தில் விழவில்லை."

"அப்படியானால் பாட்டு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அவள் உறங்கப் போனாள். நான் உறங்கவில்லை. வேலித் தகராறு ஒன்றினால் என் உடன்பிறந்த தம்பியோடு நான் பேசி ஈராண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் மார்பில் தட்டிக்கொண்டே அவன் குற்றங்களைத்தான் மனத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். கடலின் இரைச்சல் விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல், பையோடு நேரே அவன் வாசலில் போய் நின்றேன். வேலி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் பேசிக்கொள்கிறோம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். இப்படத்தை மிகச் சிறு பிள்ளைகள் தனியே பார்க்க வேண்டாம். தீயும் இச்சையும் அவர்களை மிரட்டும். வளர்ந்த பிள்ளைகளோடு உடனிருந்து பாருங்கள். வில்லன் யார் என்று அவர்களே கண்டுகொள்வார்கள். அவன் நம் எவருக்குள்ளும் செபமாலையும் கையுமாய் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை மட்டும் நாம்தான் சொல்லிக் கொடுக்கவேண்டும். அதற்குமுன் நாம் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.