நலத்திட்டப் பணம் யார் கல்லாவுக்குப் போகிறது?

நலத்திட்டம் என்றாலே முகம் சுளிக்கும் வியாபாரிகள் நம்மில் அநேகம். "நாங்கள் கட்டும் வரியை ஊருக்கு வாரி இறைக்கிறார்கள். வியாபாரத்துக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்கிறார்கள். இந்தச் சகோதரர்கள் கேரளத்தின் மலப்புறத்தைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த மாவட்டம் 1969ல் உருவானபோது 'குட்டிப் பாகிஸ்தான்' என்று தூற்றினார்கள். கல்வியிலும் வருமானத்திலும் பின்தங்கிய பகுதி அது. பிறகு வளைகுடாப் பணம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் வளைகுடாவில் ஆள் இல்லாத வீட்டுக்கு யார் பொறுப்பு?

1996ல் கேரள அரசு மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவிகிதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவெடுத்தது. குடிநீர்க் குழாய் எங்கே, அங்கன்வாடி எங்கே என்று கிராம சபை பேசத் தொடங்கியது.

2002ல் 'அக்ஷயா' வந்தது. வீட்டுக்கு ஒருவருக்காவது கணினி கற்றுக்கொடுக்கும் இத்திட்டம் முதலில் தொடங்கியது மலப்புறத்தில்தான். பயிற்சிச் செலவில் பெரும்பங்கை உள்ளாட்சிகள் ஏற்றன. மையங்களை நடத்தியவர்கள் யார்? சொந்த முதல் போட்ட உள்ளூர்க்காரர்கள்! ஏறத்தாழ 1000 குடும்பங்களுக்கு ஒரு மையம். ஏழை வீட்டுப் பெண் கணினி கற்றாள். அதே ரூபாயில் ஓர் இளைஞன் தொழில் தொடங்கினான். பயிற்சி முடிந்ததும் வருமானமின்றித் தள்ளாடிய மையங்களும் உண்டு. தாக்குப்பிடித்தவை கட்டணம் செலுத்தவும் விண்ணப்பம் போடவும் மக்கள் நாடும் இடங்களாயின. இதில் எது இலவசம், எது முதலீடு? பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்!

நலத்துக்குச் செலவழித்தால் வளர்ச்சி முடங்கும் என்பதற்கு ஒரு காலத்தில் கேரளத்தைத்தான் உதாரணம் காட்டினார்கள். 1970களிலும் 80களின் முற்பாதியிலும் அங்கே வளர்ச்சி மந்தம்தான். பின்னர் அதன் தனிநபர் வருமானம் தேசிய சராசரியைத் தாண்டியது. பஞ்சாயத்துகளால் மட்டுமே இது நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் முன்பே போட்ட பணம் வீண் போகவில்லை என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டாமா?

குறைகளும் உண்டு. ஆண்டு முழுவதும் தூங்கிவிட்டு மார்ச்சில் அவசர அவசரமாகப் பில் போடும் வழக்கம் அங்கும் இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிராம சபை கூட வேண்டும் என்பது அங்கே சட்டம். வருகிறவர்களில் பெரும்பாலோர் உதவி தேடும் ஏழைகள், அதிலும் பெண்கள். கடைக்காரர்களும் படித்த இளைஞர்களும் எட்டிப் பார்ப்பது அபூர்வம். கடைவீதிக்கு வடிகால் வேண்டும் என்று கேட்க ஆளில்லாத சபையில் அதற்கு எவர் பணம் ஒதுக்குவார்?