முள் இருந்த இடம்



அப்பாவின் புல்லட்டில் ஸ்பீடோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு கண்ணாடி வட்டம் இருந்தது. நடுவில் பூஜ்யம். ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. அதற்குள் ஒரு மெல்லிய முள். அதுதான் அம்மீட்டர். ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவித் துடைத்து, ஸ்பீடோமீட்டர் கண்ணாடியின் நடுவில் தாராளமாகச் சந்தனம் வைப்பார் அப்பா. அம்மீட்டருக்கு வரும்போது மட்டும் விரல் நுனியால் ஓரத்து வளையத்தில் ஒரு புள்ளி. முள்ளை மறைக்கக் கூடாது.

அந்த முள்ளை வைத்துத்தான் எனக்கு வண்டி கிளப்பவே சொல்லிக்கொடுத்தார். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். முள் கழித்தல் பக்கம் சாய்ந்து நிற்கும். இன்னும் அழுத்தினால் ஓர் இடத்தில் சட்டென்று நடுவுக்கு ஓடி வரும். “அங்கேயே நிறுத்து” என்பார். கான்டாக்ட் பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் துளி இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. முள்ளைப் பார்க்காமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தவன் நான். அதற்குப் பிறகு முள்ளைப் பார்க்காமல் மிதித்ததே இல்லை.

ஓடும்போதும் அது சும்மா இருக்காது. இண்டிகேட்டர் போட்டால் விளக்கோடு சேர்ந்து தாளம் போடும். ஹாரன் அடித்தால் ஒரு துள்ளல். ராத்திரியில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ரயில்வே கேட்டில் நின்றால் மெல்லக் கழித்தல் பக்கம் இறங்கும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஏறிவிடும். ஏறவில்லை என்றால் அப்பா வீட்டுக்குப் போகும் வழியை மாற்றி நேரே மெக்கானிக் கடைக்கு விடுவார். இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து ஐம்பதுகளில் சென்னைத் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்த வண்டி புல்லட். அந்த ஊர் தொழிற்சாலை புல்லட்டைக் கைவிட்ட பிறகும் நம் ஊரில் பல பத்தாண்டுகள் அந்த முள்ளோடுதான் புல்லட் வெளிவந்தது. கரண்டைப் பற்றி ஒரு புத்தகமும் படிக்காத எத்தனையோ பேருக்கு, பேட்டரி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தது அந்த முள்தான்.

இத்தனையும் எழுதக் காரணம், போன கார்த்திகையில் ஒரு ராத்திரி.

சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில், தொப்பூர் தாண்டி, டீ குடிக்க வண்டியை நிறுத்தினேன். இப்போது நான் ஓட்டுவது பெட்ரோலை இன்ஜெக்டர் மூலம் செலுத்தும் புது வண்டி. டீயைக் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். டேங்குக்குள் பம்ப் ஓடும் அந்த ‘உய்ங்’ சத்தம் பாதியில் களைத்துப்போனது. செல்ஃபை அழுத்தினால் டிக், டிக். அவ்வளவுதான். கிக்கர் கிடையாது. கடையில் இருந்த இரண்டு லாரிக்கார அண்ணன்கள் ஓடி வந்து தள்ளினார்கள். இரண்டாவது கியரில் போட்டு மூன்று தடவை முயன்றோம். பம்புக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் பேட்டரியிலிருந்து வர வேண்டிய கரண்ட் இல்லாதபோது, தள்ளி என்ன பயன்? பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் இறக்கத்தில் உருட்டியே கிளப்பியிருக்கலாம். அன்று ராத்திரி டீக்கடை பெஞ்சில்தான் விடிந்தது.

காலையில் தருமபுரியிலிருந்து வந்த மெக்கானிக் ஒரு இளைஞர். பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தார். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு சார்ஜைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரின், அதாவது ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரைப் பிடுங்கிக் காட்டினார். மூன்று பின்களில் ஒன்று கருகி, பக்கத்துப் பிளாஸ்டிக் உருகியிருந்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “சார், இது இன்னிக்கி நேத்து ஆனதில்ல. பல நாளா விட்டு விட்டுத்தான் சார்ஜ் ஏறியிருக்கும். வண்டி உங்ககிட்ட சொல்றதுக்கு வழியில்ல.”

அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவே இல்லை. என் வண்டியின் முகப்பில் ஸ்பீடு இருக்கிறது, பெட்ரோல் அளவு இருக்கிறது, சர்வீஸ் எப்போது என்று இருக்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவும் முடியாது. இன்ஜின் ஓடும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். அடுத்து ஏ.பி.எஸ். வந்தது. 2020இல் பி.எஸ்.6 வந்ததும் இன்ஜெக்டரும் பம்பும் சென்சார்களும் சேர்ந்துகொண்டன. வண்டி பேட்டரியையே நம்பி ஓடுகிற காலம் இது. அந்தப் பேட்டரியின் நிலையைக் காட்ட மட்டும் என் வண்டியில் ஒன்றுமே இல்லை. முள் இவ்வளவு தேவைப்படாத காலத்தில் முள் இருந்தது. உயிர்நாடியே பேட்டரி என்றான காலத்தில் முள்ளை எடுத்துவிட்டார்கள். இது சரியில்லை என்று இந்தப் பக்கத்தில் அழுத்தமாகவே எழுத விரும்புகிறேன். சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு பொருள். தயாரிப்பவர்களே வைத்துத் தர வேண்டும்.

அவர்கள் தரும்வரை நாமே வைத்துக்கொள்ளலாம். நான் வைத்துவிட்டேன்.

முதலில் அப்பாவின் நினைவில் அம்மீட்டரே வாங்கலாம் என்றுதான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறினேன். ஒரு பெரியவர் தடுத்தார். அம்மீட்டர் என்பது தண்ணீர்க் குழாயை நடுவில் வெட்டிப் பொருத்துகிற மீட்டர் மாதிரி. ஓடுகிற கரண்ட் முழுக்க அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். பின்னால் இருக்கும் நட்டு லூசானால் வண்டி நின்றுவிடும். அந்தக் கனத்த ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் புகைந்துவிடும். வோல்ட்மீட்டர் அப்படி இல்லை. பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். அது கெட்டுப்போனால் எண் தெரியாது, அவ்வளவுதான். வண்டி பாட்டுக்கு ஓடும். கம்ப்யூட்டர் பெட்டி உள்ள வண்டிக்கு வோல்ட்மீட்டர்தான் பொருத்தம் என்றார். அவர் சொன்னதே சரி.

தண்ணீர் புகாத, சிவப்பு எண் காட்டுகிற ஒன்றை எடுத்தேன். நீல வெளிச்சம் பார்க்க அழகாக இருக்கும், ராத்திரி நெடுஞ்சாலையில் கண்ணைக் குத்தும். மலிவான மீட்டர்களில் இன்னொரு தொல்லை, ஒரே மழையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்துவிடும். விளிம்பில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

இனி பொருத்துகிற வேலை. எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவர் முதலில் செய்தது பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றியது. அதற்குப் பிறகுதான் மற்ற எதிலும் கை வைத்தார்.

மீட்டரின் கறுப்பு ஒயரை நேரே பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோனார். ஹேண்டில்பார் போல்ட்டில் எர்த் கொடுத்தால் பெயின்டும் துருவும் சேர்ந்து எண்ணை ஆட்டிவைக்கும் என்பது அவர் அனுபவம். சிவப்பு ஒயர்தான் யோசிக்க வேண்டிய இடம். அதை நேரே பேட்டரி பிளஸ்ஸில் கொடுத்துவிட்டால் சாவியை எடுத்த பிறகும் மீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். இந்தச் சின்ன மீட்டர் 15 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.36 ஆம்பியர்-அவர். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால், 9 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஐந்தில் இரண்டு பங்கு காலி. பேட்டரியைக் காக்க வைத்த மீட்டரே அதைக் குடித்துவிடும். ஆகவே சாவியைப் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரை டெஸ்ட் லாம்ப் வைத்துத் தேடினார். ஹெட்லைட் டூமுக்குள் பார்க்கிங் விளக்குக்குப் போகும் ஒயர் கிடைத்தது. அதற்கும் மீட்டருக்கும் நடுவே ஒரு ஆம்பியர் ஃபியூஸ்.

இணைப்பை எப்படிப் போடுவது என்பதில் அவர் பிடிவாதக்காரர். கடையில் ஒயரைக் கடித்துப் பிடிக்கிற ஒரு கிளிப் தருவார்கள். ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அந்தக் கிளிப் உள்ளே செம்பு இழைகளை வெட்டிவிடும், இரண்டு மழைக்காலம் போனால் பச்சை பூத்துவிடும் என்று அதைத் தூக்கி ஓரமாகப் போட்டார். ஒயரின் தோலை ஒரு விரற்கடை உரித்து, வெட்டாமல் சுற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவை ஏற்றித் தீக்குச்சிச் சூட்டில் சுருங்கவிட்டார். அந்தக் கறுப்பு ஸ்லீவ் ஒயரைக் கவ்விக்கொண்டு அட்டை மாதிரி ஒட்டியதை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக, கேபிள் டையை இறுக்கும் முன் ஹேண்டிலை முழுக்க இடதுபக்கம், முழுக்க வலதுபக்கம் திருப்பிப் பார்த்தார். வலதுகோடியில் ஒயர் விறைத்தது. அவிழ்த்துவிட்டு இரண்டு விரல் தளர்வு கொடுத்தார். அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் ஆறு மாதத்தில் ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும்.

மைனஸை மாட்டிச் சாவியைத் திருப்பினோம். 12.4 என்று வந்தது. பேட்டரியிலேயே மல்டிமீட்டரை வைத்தால் 12.6. இந்த 0.2 எங்கே போனது? நீண்ட ஒயர், சாவி சுவிட்ச், கப்ளர் என்று வழிநெடுகத் தின்றுவிட்டது. மீட்டர் பொருத்திய அன்றே இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் கணக்கு அதைக் கூட்டியே.

எண்களை எப்படிப் படிப்பது? பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ட். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6க்கு மேல் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 11.9க்கு வந்துவிட்டால் வெறும் பெட்டி. செல்ஃப் அழுத்தும்போது எண் ஒரு கணம் விழும். பத்துக்கும் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. வண்டி ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை நிற்க வேண்டும். சிக்னலில் ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் மூன்றும் எரியும்போது 13க்குக் கீழே போய்வந்தால் பயப்படாதீர்கள். வண்டி நகர்ந்ததும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறாமல் 12.3, 12.1 என்று படிப்படியாக இறங்கினால் காயில், கப்ளர், ஆர்.ஆர். யூனிட் இந்த மூன்றில் ஒன்று மக்கர் செய்கிறது. எண் 15ஐத் தாண்டினால் அது இன்னும் அவசரம். யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரி கொதிக்கும், பக்கங்கள் உப்பும், அழுகிய முட்டை வாடை வரும், பல்புகள் போகும். ஹெட்லைட்டை ஹை பீமில் வைத்து மெதுவாக ஓட்டிப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுங்கள்.

வேறு மீட்டர்களும் கிடைக்கின்றன. ஆயில் ஊற்றும் மூடிக்குப் பதிலாகத் திருகி வைக்கிற சூடுமானி, ஆர்.பி.எம். மீட்டர், நேரம் காட்டி. என் கருத்து, ஒன்று போதும். முகப்பில் நான்கு வட்டம் இருந்தால் ஒன்றையும் பார்க்கமாட்டோம். வாரண்டி உள்ள வண்டி என்றால், ஒயரிங் கிட்டில் கை வைக்கும் முன் வாரண்டிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள். நியூட்ரல் விளக்கையோ இன்ஜின் எச்சரிக்கை விளக்கையோ மறைக்கிற இடத்தில் மீட்டரை மாட்டாதீர்கள்.

இந்த மாதம் உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். மீட்டர் வைத்திருப்பவர்கள், இல்லாவிட்டால் மல்டிமீட்டரை இரவல் வாங்கியாவது, காலையில் வண்டியைத் தொடும் முன் பேட்டரி எவ்வளவு காட்டுகிறது, ஓடும்போது எவ்வளவு என்று இரண்டே எண்களை எழுதி அனுப்புங்கள். என்ன வண்டி, பேட்டரிக்கு எத்தனை வயது, வீட்டு வாசலில் நிற்கிறதா வெயிலில் நிற்கிறதா என்பதையும் சேர்த்து. வண்டிவாரியாகத் தொகுத்து இந்த இதழிலேயே அட்டவணையாகப் போடுவோம்.

முதல் வரியாக என்னுடையது: புது கப்ளர், பேட்டரிக்கு ஒன்றரை வயது, திண்ணையோரம் நிழலில் நிற்கும். இன்று காலை 12.5. ஓடும்போது 14.1.

அன்புடன்,
ஆசிரியர்