உச்சியில் ஏறிய லுங்கி



தமிழ்ப் பாட்டு ஒன்று வடக்கே முதலிடம் பிடித்துவிட்டால் நம் குடியிருப்புகளில் திருவிழாதான். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அந்த முதலிடத்தை யார் கணக்கிடுகிறார்கள், அதில் நமக்கு என்ன கிடைக்கிறது என்று நாம் கேட்டதுண்டா?

1952இல் ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டை ஒதுக்கியது. அமைச்சர் கேஸ்கருக்கு அது பிடிக்காது. கேட்பவர்கள் கூட்டமாக இலங்கை வானொலிக்குப் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அங்கே அமீன் சயானியின் குரலில் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. பற்பசை விளம்பரத்தில் நடந்த நிகழ்ச்சி அது. புதன்கிழமை இரவு வந்தால் வடநாடே ரேடியோ முன் உட்கார்ந்தது. கடைகளில் விற்ற இசைத்தட்டும் நேயர் மன்றக் கடிதங்களும்தான் வரிசையை முடிவு செய்தன. தட்டு வாங்கக் காசிருந்தவன் கணக்கில் வந்தான். டீக்கடை வாசலில் நின்று கேட்ட மில் தொழிலாளி எந்தக் கணக்கிலும் வரவில்லை. வரிசையில் இருந்தவை இந்திப் பாட்டுகள். இந்தி நிகழ்ச்சியில் இந்திப் பாட்டு வந்ததைக் குறை சொல்ல மாட்டோம். அதையே நாட்டின் வரிசை என்று பேசியதுதான் குறை.

அந்த வரிசைகளின் காலத்தில் தமிழன் இந்திப் பாட்டில் எப்படி நுழைந்தான்? 1968இல் வந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக வந்தார். மன்னா டேயும் கிஷோர் குமாரும் பாடிய அந்தப் போட்டிப் பாட்டு அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் சிரிப்பு வாத்தியாரின் பேச்சைப் பார்த்துத்தான். அதே ஆண்டுகளில்தான் அன்றைய பம்பாய்த் தெருக்களில் லுங்கிக்காரனை விரட்டு என்ற கோஷம் கேட்டது. 2013இல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தின் 'லுங்கி டான்ஸ்' ஊரையே ஆட்டியது. நம் பிள்ளைகளும் ஆடினார்கள். நம் பெரியவர்கள் சிலர் மட்டும் சிரிக்கவில்லை. எந்த லுங்கிக்காக ஓடினார்களோ, அது அவர்களுக்கு மறக்கவில்லை.

இடையில் நிலைமை மாறியதும் உண்மை. 1992இல் வந்த 'ரோஜா'வின் மெட்டுகள் இந்தி வார்த்தை போட்டுக்கொண்டுதான் வடக்கே போக முடிந்தது. 2011 நவம்பரில் 'கொலவெறி' வேடம் மாற்றாமலே போனது. (அதில் தமிழ் எத்தனை சொல் என்று எண்ணுவது வேறு வேலை!) 'ரவுடி பேபி' 2020இல் யூடியூபில் 100 கோடி பார்வையைத் தாண்டியது. இன்று கைப்பேசி எண்ணுகிறது. கம்பெனி கொட்டும் விளம்பரப் பணம் எண்ணிக்கையை ஏற்றும் என்றாலும், கட்டடத் தொழிலாளி கேட்டாலும் அதுவும் ஒன்று, முதலாளி கேட்டாலும் அதுவும் ஒன்று. இது நமக்கு லாபமே.

ஆனால் ரயில் பெட்டியில் நாம் காண்பதைச் சொல்ல வேண்டும். மராட்டியப் பிள்ளை 'ரவுடி பேபி'யைப் பொருள் தெரியாமல் பாடுகிறது, அது இயல்பு. பக்கத்தில் நம் பிள்ளையும் பொருள் தெரியாமலே பாடுகிறது. பாட்டை எழுதிக் காட்டு என்றால் இந்தி எழுத்தில் எழுதுகிறது. பாட்டு வடக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நம் வீட்டுக்குள் வரவில்லை.

மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. பிள்ளைகள் வராவிட்டால் வகுப்பை மூட யாருக்கும் காரணம் தேட வேண்டியதில்லை. ஜூனில் பள்ளி திறக்கும் முன் நம் சங்கத் தோழர்கள் ஞாயிறுதோறும் வீடு வீடாக வருவார்கள். விண்ணப்பத்தை அவர்களே நிரப்பித் தருவார்கள். பிறப்புச் சான்றிதழை மட்டும் எடுத்து வையுங்கள்.