அந்த மூலையை விட்டுவிடுங்கள்!

போன வெள்ளிக்கிழமை துப்புரவுப் பணியில் மேற்கு வேலியோரம் ஒரு கொடியை வெட்டிப் போட்டோமே, அது களை இல்லை. செங்காந்தள்! நம் மாநில மலர். டெஸ்ட்டில் எல்லோரும் சரியாக எழுதினோம். நேரில் பார்த்தால் தெரியவில்லை. எனக்கும்தான்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ இதுதான். ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசிய மலர். நாமோ "கண்வலிப் பூ, பார்த்தாலே கண் வலிக்கும்"னு பயப்படுறோம். நான் தினமும் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, கடைசியில் நெருப்பு மாதிரி சிவக்கும். இலை நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்து ஏறும்.

விஷம் என்பது உண்மை. கிழங்கையோ விதையையோ தின்றால் உயிரே போகும். அந்தக் கோல்சிசின் நஞ்சுதான் அளவோடு கொடுத்தால் கவுட் என்ற மூட்டு வீக்கத்துக்கு மருந்து. அதற்காகவே மூலனூர்ப் பக்கம் வயலில் பயிரிடுகிறார்கள்.

சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள் என்று டீச்சர் சொன்னது நியாயம். ஆனால் அரளியும் விஷம்தானே? அது ஆபீஸ் ரூம் வாசலிலேயே நிற்குது!

கிழங்கு இன்னும் மண்ணுக்குள் இருக்கு. அடுத்த மழைக்கு முளைக்கும். அந்த மூலையில் மட்டும் மண்வெட்டி போடாதீங்க. 'தொடாதே, தின்னாதே' பலகை நான் எழுதித் தருகிறேன்.

- 9ஆம் வகுப்பு மாணவி