பனங்கற்கண்டு உபசாரம்

சென்ற வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்கப் போயிருந்தேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட தண்டனைகள் அவ்வப்போது வந்து சேரும். அந்தப் பள்ளியின் தாளாளர் நல்ல மனிதர். ஆசிரியைகள் பலருக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது என்று கேள்விப்பட்டு, ஆளுக்கு அரைக் கிலோ பனங்கற்கண்டும் ஒரு துண்டுப் பிரசுரமும் வழங்கினார். உரக்கப் பேசாதீர்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், தொண்டையைக் கனைக்காதீர்கள் என்று பிரசுரத்தில் கண்டவற்றை இருபது நிமிஷம் விளக்கியும் சொன்னார். ஒலிபெருக்கியில்தான் சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் என் பக்கம் குனிந்து, "ஸார், அந்த மைக்கை நாளைக்கு எனக்கு ஒரு பீரியடு கடன் கொடுப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். என்றார் என்று எழுதுகிறேனே தவிர, காதில் விழுந்தது தகரத்தின் மேல் மணலைத் தேய்க்கிற மாதிரி ஒரு சப்தம். பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

பிரசுரத்தில் இருந்தது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தொண்டைக்குள் இருக்கும் இரண்டு சின்ன மடிப்புகள் மோதிப் பிரிவதால்தான் குரல் பிறக்கிறது. பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது விநாடிக்குச் சுமார் 200 தடவை மோதுகின்றன. அப்படியானால் ஒரு மணி நேரக் குரலுக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் மோதல்! உரக்கப் பேசினால் மோதல் பலமாகிறது. மண்வெட்டி பிடிக்கிறவன் கை காய்ப்பதுபோல் அங்கேயும் காய்ப்பு விழுகிறது. ஓய்வும் முறையான குரல் பயிற்சியும் கிடைத்தால் பெரும்பாலும் அது சரியாகிவிடும். மூன்று நான்கு வாரமாகியும் கரகரப்புத் தெளியவில்லை என்றால் மட்டும், கஷாயம் வைத்துக்கொண்டிராமல் காது மூக்குத் தொண்டை வைத்தியரைப் பார்த்துவிட வேண்டும். வேறு வியாதியாகவும் இருக்கலாம்.

ஆனால் "உரக்கப் பேசாதீர்கள்" என்றாரே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இரைச்சலுக்கு நடுவே நிற்கிற மனிதனின் குரல், அவன் எண்ணாமலே, தானாக உயர்ந்துவிடுகிறது. இதை 1911-லேயே லொம்பார் என்ற பிரெஞ்சு வைத்தியர் எடுத்துக் காட்டினார். தகரக் கூரை, தலைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறி, அடுத்த வகுப்புக்கும் இதற்கும் நடுவே ஆள் உயரத் தட்டி, அந்தப் பக்கம் பதினாறாம் வாய்ப்பாடு, இந்தப் பக்கம் ஐம்பது குழந்தைகள். இதற்குள் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு மெல்லப் பேசு என்பது, மழையில் நிறுத்திவிட்டு நனையாதே என்பது போல் இல்லையா?

அமெரிக்காவில் இதைப் பரீட்சித்தே பார்த்துவிட்டார்கள். குரல் கெட்ட ஆசிரியர்கள் 44 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குக் குரல் பேணும் உபதேசம், இன்னொன்றுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கி, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஒலிபெருக்கி கட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெளிவான குணம் தெரிந்தது. 2002-ல் வெளிவந்த முடிவு இது. அந்தக் கருவி நம் ஊரிலும் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. அன்றைய பந்தல் வாடகையில் எத்தனை வாங்கியிருக்கலாம் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அந்தக் காலத்து வாத்தியார்கள் மைக் வைத்துக்கொண்டா சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று ஒரு பெரியவர் கேட்பார். எனக்குத் தெரியும். திண்ணைப் பள்ளியின் வாசலில் பஸ் ஹாரன் அடித்ததா, தாத்தா? குரல் போய் வேலையை விட்டவர்களைத்தான் அப்போது யார் எண்ணினார்கள்?

சட்டமும் இல்லாமல் இல்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஆரம்ப வகுப்புகளில் முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். வாசலில் பலகையும் இருக்கிறது. பஸ்காரர் அதைப் படித்துவிட்டு ஹாரன் அடிக்கிறார். நம் நாட்டுத் தொழில் நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் காது மந்தத்துக்கு இடமுண்டு. பேசிப் பேசிப் போன குரலுக்கு இல்லை. போலந்து நாட்டார் அதையும் சேர்த்திருக்கிறார்கள். தறி தேய்ந்தால் முதலாளி புதுத் தறி வாங்குகிறான். டீச்சரின் தொண்டை தேய்ந்தால் மட்டும் அது அவள் வீட்டு அடுப்பங்கரை விவகாரம்: பனங்கற்கண்டு, அதிமதுரம், மிளகுப் பால்!

இதையெல்லாம் அன்று தலைமையுரையில் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. தோளில் பொன்னாடை இருந்தது. தாளாளரின் தர்ம சிந்தையைப் பாராட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு நாள் அந்த டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்தேன். கடைக்காரரிடம் சாமான்களைச் சீட்டில் எழுதி நீட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதே சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். வைத்தியர் சொன்னாரென்று இரண்டு மாதம் லீவு கேட்டாராம். "காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லையே, குரல்தானே" என்று பதில் வந்ததாம். ஆள் போதவில்லை என்று ஆறாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளையும் ஒரே அறையில் சேர்த்து இவரிடமே கொடுத்திருக்கிறார்கள்.