தண்ணிக்கும் சேர்த்துதான் காசு குடுக்கறோம்!

"பி.காம் படிக்கற பயலுக்கு சல்பேட் உப்போட என்ன வேலை?"ன்னு கேக்கறவங்களுக்கு: விலைக் கணக்குன்னு வந்துட்டா அது எங்க ஏரியாங்க.

உரக்கடையில் கிடைக்கும் ஜிங்க் சல்பேட் ரெண்டு வகை. ஹெப்டாஹைட்ரேட்டில் ஒரு மூலக்கூறு ஜிங்க் சல்பேட்டோடு ஏழு மூலக்கூறு தண்ணீர் ஒட்டியிருக்கும். தொட்டால் ஈரம் தெரியாது, படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். ஆனால் எடையில் சுமார் 44% அதுதான்! மோனோஹைட்ரேட்டில் ஒரே மூலக்கூறு, எடையில் 10%. 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி முதலாவதில் குறைந்தது 21% துத்தநாகம் (அதாங்க ஜிங்க்) இருக்கணும், இரண்டாவதில் 33%.

பேச்சுக்கு முதலாவது கிலோ 60 ரூபாய், இரண்டாவது 80 ரூபாய்னு வெச்சுக்குவோம். எது மலிவு? 60னு சொன்னா போச்சு! ஒரு கிலோ துத்தநாகத்துக்கு முதலாவதில் 286 ரூபாய் ஆகுது, இரண்டாவதில் 242தான்.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ என்பது ஏழு தண்ணி உப்புக்கான பரிந்துரை. மோனோவில் 16 கிலோ போதும். கே.ஆர்.பி. அணைப் பாசனக்காரரிடம் எந்த உப்புன்னே சொல்லாமல் "25 கிலோ போடுங்கண்ணே" என்றால் அது பாதிப் பேச்சு.

ஓசூர் பக்கம் முலாம் பூசும் பட்டறைக்கு நிக்கல் சல்பேட் வாங்குபவர் நிக்கல் எத்தனை சதவீதம்னு பார்த்துத்தான் காசை எடுப்பார். அதே மாவட்டத்து விவசாயி மட்டும் மூட்டை விலை பார்த்து வாங்கணுமா? என்னங்க நியாயம் இது?

இன்னொரு மோசடியும் உண்டு. எப்சம் உப்பு என்கிற மெக்னீசியம் சல்பேட் பார்க்க அச்சு அசல் இதே மாதிரி, விலையும் குறைவு. அதை ஜிங்க்னு தலையில் கட்டினால் பயிருக்குத் துத்தநாகம் பூஜ்யம். டி.ஏ.பி. கரைசலில் ஊற்றிப் பாருங்க: ஜிங்க் சல்பேட் என்றால் கெட்டியாகத் திரளும், வெறும் எப்சம் உப்பு அப்படித் திரளாது.

"விவசாயிக்கு இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு?" என்பது சுத்த அலட்சியம். ரோஜாவைக் கட்டுக் கட்டாக எண்ணி விலை பேசுறவருக்கு ஒரு வகுத்தல் வராதா? உரக்கடையில் விலைப்பலகை வைக்கணும்னு ஏற்கனவே சட்டம் இருக்கு. அதில் "ஒரு கிலோ துத்தநாகம் இத்தனை ரூபாய்"னு ஒரு வரி சேர்த்து எழுதினா பலகை உடைஞ்சா போயிடும்?